மீன் பொதி நிலையத்துக்கு ஹசப்பா, ஐ.எஸ்.ஓ. 9001ஆ?

திருகோணமலையில் பன்னிரண்டு பேர் வேலை செய்யும் எங்கள் மீன் பொதி நிலையத்துக்குத் தரத்தையும் இடரையும் கவனிக்க ஒரு முறைமை வேண்டும் என்று தோன்றியபின், உணவுப் பாதுகாப்பு முறையான ஹசப்பா (HACCP), தர முகாமைத்துவத்துக்கான சர்வதேச நியமமான ஐ.எஸ்.ஓ. 9001ஆ என்று மூன்று மாதம் இழுபட்டோம். கடைசியில் ஹசப்பை எடுத்தோம். ஆகவே இந்த ஒப்பீடு நடுநிலையானது என்று நான் சொல்லிக்கொள்ளப் போவதில்லை.

ஆவணம், கணக்காய்வு, பணியாளர் பயிற்சி ஆகியவை இரண்டிலும் உண்டு. 1987இல் முதலில் வெளியான ஐ.எஸ்.ஓ. 9001 எந்தத் தொழிலுக்கும் பொருந்துவது. கட்டளை பெறுவதிலிருந்து முறைப்பாடு தீர்ப்பது வரை எல்லாவற்றையும் தொடுகிறது. 1960களில் விண்வெளி வீரர்களின் உணவுக்காக உருவான ஹசப், உணவால் உண்பவருக்கு வரக்கூடிய தீங்கை மட்டுமே கேட்கிறது.

ஐ.எஸ்.ஓ.வின் 2015ஆம் ஆண்டுப் பதிப்பு இடரை எண்ணிப் பார்த்து நடவடிக்கை எடுக்கச் சொல்கிறது. அதை எந்த முறையில் செய்வது என்பதை நிறுவனத்திடமே விட்டுவிடுகிறது. பெரிய கொம்பனிக்கு அது சுதந்திரம், எங்களுக்கோ வெற்றுத்தாள். முயன்று எழுதிய இடர்ப் பட்டியலின் பதினொரு வரிகளில் பத்தில், மின்தடை முதல் லொறி தாமதம் வரை, ‘நடுத்தரம்’ என்றே முடித்திருந்தோம். ஹசப்பில் அந்தச் சொல்லுக்கு இடமில்லை. சூரை மீன் குளிர்ச்சி இழந்தால் கிருமிகளால் ஹிஸ்டமின் என்ற, உண்பவரை நோயாக்கும் பொருள் உருவாகும். உருவானபின் சமைத்தாலும் உறையவைத்தாலும் அது அழியாது. எனவே எத்தனை பாகைக்கு மேல் போகக்கூடாது, யார் அளப்பது, மீறினால் அந்த மீனை என்ன செய்வது என்று முன்கூட்டியே எழுதியாக வேண்டும். நாங்கள் வைத்த எல்லை 4 பாகை செல்சியஸ்.

ஆனால் எங்கள் முடிவைத் தீர்மானித்தது பதிவேட்டைப் பராமரிக்கும் பாடுதான். ஹசப் முறையில் எழுதிப் பார்க்கத் தொடங்கி ஆறாம் வாரம் வெப்பநிலைப் பதிவேட்டைப் புரட்டினேன்: காலை 6 மணி, 8 மணி, 10 மணி, எல்லாக் கட்டத்திலும் 3 பாகை, ஒரே நீலப் பேனை, ஒரே சாய்வு. கேட்டதற்கு, “கையுறையோட பேனை பிடிக்கேலாது ஐயா, அதுதான் பின்னேரம் இருந்து எழுதினனான்” என்றான் பொடியன். பிழை அவனுடையதன்று, பதிவேடு அலுவலக மேசையில் கிடந்தது. ஐஸ் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பலகையும் மெழுகுப் பென்சிலும் தொங்கவிட்டோம், மாலையில் மேற்பார்வையாளர் அதைப் படம்பிடித்துக் கோப்பில் சேர்க்கிறார். திங்கள்தோறும் வெப்பமானியை நொறுக்கிய ஐஸும் நீரும் கலந்த கலவையில் வைத்துப் பார்க்கிறோம். 0 காட்ட வேண்டும். ஒரு திங்களன்று அது 0க்குக் கீழே 2 காட்டியது. அப்படியானால் அது 4 என்று சொன்ன மீன் உண்மையில் 6 பாகையில் இருந்திருக்கிறது. அந்த வாரப் பொதிகளைத் தேடிப்பிடிக்கப் பலகையின் படங்களே கைகொடுத்தன.

எங்களிடம் கட்டுப்பாட்டுப் புள்ளிகள், அதாவது தீங்கைத் தடுக்கக் கட்டாயம் கவனிக்க வேண்டிய இடங்கள், இரண்டுதான்: மீனை ஏற்கும் வாசலும் குளிர் அறையும். அவற்றுக்கே இவ்வளவு என்றால், ஐ.எஸ்.ஓ. கேட்கிறபடி எல்லாப் பிரிவுக்கும் உள்ளகக் கணக்காய்வும் முகாமைத்துவ மீளாய்வும், மூன்றாண்டுச் சான்றிதழுக்கு இடையில் ஆண்டுதோறும் கண்காணிப்புக் கணக்காய்வும் நடத்த, தனியாக ஒருவருக்குச் சம்பளம் கொடுத்திருக்க வேண்டும்.

ஹசப் தொடாத இடங்களும் உண்டு. வாடைக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளித்து வரவு குறைய, பயிற்றிய பணியாளர் வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள்; கொழும்பு வியாபாரி பணத்தை இரண்டு மாதம் இழுத்தடிக்கிறார். இவற்றைப் பார்க்க ஐ.எஸ்.ஓ. மேல் என்றே நினைக்கிறேன், நடத்திப் பார்க்காதவன் சொல்வது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் ஏற்றுமதியும் செய்வதில்லை. செய்பவர்களின் கணக்கு வேறாக இருக்கலாம். இப்போதைக்கு ஐ.எஸ்.ஓ.விலிருந்து மீன் தருவோரை மதிப்பிடும் தாளையும் முறைப்பாட்டுப் புத்தகத்தையும் மட்டும் கடன் வாங்கியிருக்கிறோம். அந்தப் புத்தகத்தில் இதுவரை நான்கு பக்கங்கள் நிரம்பியுள்ளன. மூன்று பக்கங்கள் லொறி பிந்தியதைப் பற்றியவை.