ஒரு ஆப் ஹேங் ஆனதற்கு ஃபோனையே துடைத்துக் கொடுக்கிறார்கள், உஷார்

வாட்ஸ்அப் திறந்தால் அப்படியே நின்றுவிடுகிறது என்று சர்வீஸுக்குக் கொடுத்த ஃபோன் அரை மணி நேரத்தில் திரும்பி வருகிறது. "சாஃப்ட்வேர் போயிடுச்சு, புதுசா போட்டாச்சு" என்கிறார்கள். திறந்து பார்த்தால், பெட்டியிலிருந்து எடுத்த அன்று போல மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி நிற்கிறது. படங்கள் இல்லை, சாட் இல்லை, ஆதென்டிகேட்டர் ஆப்பில் இருந்த, கணக்குகளில் நுழையத் தேவையான ரகசிய எண்களும் இல்லை. அங்கே நடந்தது வெறும் ஃபேக்டரி ரீசெட். ஃபோனை அணைத்து, பவர் பட்டனையும் வால்யூமையும் சேர்த்துப் பிடித்து, ரிகவரி மெனுவில் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்தால் தீர்ந்தது. அதற்குத்தான் அந்தக் கூலி.

பதறிப்போய்க் கேட்டால் அடுத்த தூண்டில் வரும்: "டேட்டாவை ரெக்கவர் பண்ணலாம், அதுக்குத் தனியா ஆகும்." ஒரு காசு கொடுக்காதீர்கள். ஆண்ட்ராய்டு 10 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்புடன் விற்பனைக்கு வந்த ஃபோன்களிலும், ஐஃபோன்களிலும் டேட்டா குறியாக்கம் செய்யப்பட்டே சேமிக்கப்படுகிறது. ரீசெட்டில் அதைத் திறக்கும் சாவியே அழிந்துவிடும். கூகுள், ஐகிளவுட் பேக்கப்பில் இருப்பது மட்டும் திரும்பும். அதற்கு உங்கள் கணக்கில் நீங்களே உள்நுழைந்தால் போதும்.

"டச் போயிடுச்சு, டிஸ்ப்ளே மாத்தணும்" என்பது இன்னொரு வகை. ஆப் உறைந்திருக்கும்போதே மேலிருந்து நோட்டிஃபிகேஷன் திரையை இழுத்துப் பாருங்கள். இறங்குகிறதா? டச் வேலை செய்கிறது, மாட்டியிருப்பது அந்த ஆப் மட்டும். இன்னும் உறுதி வேண்டுமென்றால், ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸின் 'அபவுட் ஃபோன்' பகுதியில் உள்ள 'பில்ட் நம்பரை' 7 முறை தட்டி டெவலப்பர் ஆப்ஷன்ஸைத் திறந்து, விரல் போகும் வழியைக் கோடாகக் காட்டும் 'பாயின்டர் லொகேஷனை' இயக்கி, திரை முழுக்க விரலால் குறுக்கும் நெடுக்கும் கோடு இழுங்கள். கோடு ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அறுந்தால்தான் டிஸ்ப்ளே மேல் சந்தேகம். அதற்கும் முன்னால் திரை மேல் ஒட்டியிருக்கும் ஸ்கிரீன் கார்டைக் கழற்றிப் பாருங்கள்.

ஆண்ட்ராய்டில் தொடுதலுக்கு 5 வினாடி பதில் வராவிட்டால் மூடவா, காத்திருக்கவா என்று கேட்கும். ஒருமுறை காத்திருக்கலாம். மறுபடி கேட்டால் செட்டிங்ஸில் அந்த ஆப்பின் பக்கத்துக்குப் போய் 'ஃபோர்ஸ் ஸ்டாப்', பிறகு ஸ்டோரேஜில் 'கிளியர் கேஷ்' (கேஷ் என்பது ஆப் தற்காலிகமாகச் சேர்த்துவைக்கும் கோப்புகள்). கவனம், பக்கத்திலேயே 'கிளியர் டேட்டா' இருக்கும். கேஷ் போனால் ஆப் அதை மறுபடி உருவாக்கிக்கொள்ளும். டேட்டா போனால் பேக்கப் இல்லாத சாட் எல்லாம் போச்சு. வாட்ஸ்அப் ஃபோனிலேயே எடுத்துவைக்கும் பேக்கப், மீடியா ஃபோல்டருக்குள் 'டேட்டாபேஸஸ்' என்ற இடத்தில் கிடக்கும். எதையும் தொடுமுன் அந்த ஃபோல்டரைக் கம்ப்யூட்டருக்கு நகலெடுங்கள். ஐஃபோனில் கேஷ் பட்டன் கிடையாது. 'ஐஃபோன் ஸ்டோரேஜில்' போய் 'ஆஃப்லோட் ஆப்' கொடுத்தால் ஆப் நீங்கும், டேட்டா தங்கும். 'டிலீட் ஆப்' அப்படியல்ல.

பல ஆப்கள் ஒரே நாளில் மூடிக்கொண்டால் ஆண்ட்ராய்டில், ஆப்களுக்குள் இணையப் பக்கங்களைக் காட்டும் 'சிஸ்டம் வெப்வியூ' மேல் ஒரு கண் வையுங்கள். 2021 மார்ச்சில் ஜிமெயில் உட்படப் பல ஆப்கள் திறந்தவுடன் மூடியது அதனால்தான். வெப்வியூ, குரோம் இரண்டையும் அப்டேட் செய்ததும் சரியாயிற்று. ஸ்டோரேஜ் நிரம்பியிருந்தாலும் இதே தொல்லைதான், பெரிய வீடியோக்களை நகர்த்துங்கள். திரையில் 'பவர் ஆஃபை' அழுத்திப் பிடித்தால் வரும் சேஃப் மோடில் (நீங்கள் இன்ஸ்டால் செய்த ஆப்கள் ஓடாத நிலை) ஃபோன் ஒழுங்காக ஓடினால், நீங்கள் பிறகு இன்ஸ்டால் செய்த ஏதோ ஒன்றுதான் குற்றவாளி. பெரும்பாலும் 'கிளீனர்', 'பூஸ்டர்' வகையறாவாக இருக்கும்.

ஃபோன் மொத்தமாக உறைந்தால் சாம்சங்கில் வால்யூம் டவுனும் பவரும் சேர்த்து 7 வினாடிக்கு மேல் அழுத்துங்கள். ஐஃபோன் 8 முதல், வால்யூம் அப்பைத் தட்டி, டவுனைத் தட்டி, ஆப்பிள் சின்னம் வரும்வரை பக்கவாட்டுப் பட்டனைப் பிடியுங்கள். இவற்றால் டேட்டா அழியாது.

அதற்கும் மசியாமல் கடைக்குத்தான் போக வேண்டுமென்றால், ரசீதில் "டேட்டா அழிக்கக் கூடாது" என்று எழுதி வாங்கிய பிறகே ஃபோனைக் கையில் கொடுங்கள். சாம்சங்கில் 'மெயின்டனன்ஸ் மோட்' இருந்தால் அதைப் போட்டுக் கொடுங்கள், உங்கள் படங்கள் அவர்கள் கண்ணில் படாது. "கூகுள் பாஸ்வேர்டு சொல்லுங்க" என்று கடையிலிருந்து கூப்பிட்டால், ரிகவரி வழியாக ரீசெட் செய்துவிட்டார்களோ என்று சந்தேகப்படுங்கள். அதன் பிறகுதான் பழைய கணக்கைக் கேட்கும் பூட்டு விழும். ஃபோனில் சொல்லாதீர்கள், நேரில் போய் நீங்களே டைப் செய்யுங்கள்.