உண்ணிக்குச் சொட்டு மருந்தா, மாத்திரையா?

எர்லிக்கியா கிருமியால் வரும் உண்ணிக் காய்ச்சல் ஜெர்மன் ஷெப்பர்டை மற்ற இனங்களைவிடக் கடுமையாகத் தாக்கும். ராமநாதபுரத்து வெக்கையில் தடுப்பைத் தள்ளிப்போட முடியாது.

ஃபிப்ரோனில் சொட்டு மருந்து விலை குறைவு; மாதம் ஒருமுறை தோள்களுக்கு நடுவே, மயிரை விலக்கித் தோலில் விட வேண்டும். விட்டபின் இரண்டு நாள் நனையக் கூடாது. மண்டபம், தேவிபட்டினம் பக்கம் வளரும் நாய் கடலைக் கண்டால் நிற்குமா? உப்பு போகக் குளிப்பாட்டாமலும் இருக்க முடியாது.

ஃப்ளூரலேனர் மாத்திரைக்கு இந்தத் தொல்லை இல்லை. உணவோடு கொடுத்தால் ஏறத்தாழ 12 வாரம் காக்கும். விலைதான் கையைக் கடிக்கும், பெரிய நாய்க்கு இன்னும் கூடுதலாக. கடித்த பிறகே உண்ணி சாகும் என்பதும் ஒரு குறை.

கடலோரத்தில் என் ஓட்டு மாத்திரைக்கே. முன்பு வலிப்பு வந்த நாய்க்கு மட்டும் கால்நடை மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.