குழாய் பதிக்கும் முன் ஒரு தொல்லியல் கள ஆய்வு

மேலூர்ப் பக்கம் எங்கள் ஊர்ப் புஞ்சைகளின் வழியே குடிநீர்க் குழாய் பதிப்பதற்கு முன்பு, ஒப்பந்ததாரர் அமர்த்திய தொல்லியல் குழுவொன்று தடம் முழுவதையும் நடந்து ஆய்வு செய்தது. அந்தப் பணியை மனமாரப் பாராட்டுகிறேன். பாதுகாக்கப்பட்ட சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டுமானத்தைத் தடுக்கும் சட்டம், பட்டியலில் இல்லாத தொல்லியல் மேடுகளைக் காப்பதில்லை. கீழடியும் அண்மைக்காலம் வரை வெறும் தென்னந்தோப்பாகத்தான் இருந்தது. ஆகவே, பொக்லைன் இறங்கிய பிறகு பார்ப்பதில் பயனில்லை.

உழுது போட்டிருந்த நிலத்தில் சீரான இடைவெளி விட்டு வரிசையாக நடந்து, பழங்காலக் கருப்பு சிவப்புப் பானை ஓடுகள் கிடந்த ஒவ்வோர் இடத்தையும் ஜி.பி.எஸ். கொண்டு குறித்து, படமெடுத்து, மழைக்குப் பின் முதுமக்கள் தாழியின் விளிம்பு தெரியும் இடங்களை ஆடு மேய்க்கும் பெரியவர்களிடம் கேட்டறிந்து, ஓடுகள் அடர்ந்த மேட்டைத் தவிர்க்குமாறு எழுதிக் கொடுத்தார்கள். பெரியவர்களிடம் கேட்டதுதான் எனக்கு மிகவும் பிடித்தது.

குறைகளும் உண்டு. நெல் நின்ற நஞ்சையில் தரையே தெரியாதபோது, அறுவடைக்குப் பின் அவர்கள் மீண்டும் வந்திருக்க வேண்டும். அறிக்கை ஆங்கிலத்தில் மட்டுமே தரப்பட்டது. நிலத்துக்காரர்களுக்குத் தமிழில் ஒரு படி கட்டாயம் வேண்டும்.