திருவக்கரை கல்மரப் பூங்கா: பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு

பூங்கா என்ற பெயரை நம்பி ஊஞ்சல், சறுக்குமரம் எல்லாம் எதிர்பார்த்துப் போகாதீர்கள். திருவக்கரையில் இருப்பது செம்மண் மேடும் அதில் ஆங்காங்கே படுத்துக் கிடக்கும் கல் மரங்களும்தான், அதாவது பல காலத்துக்கு முன்னால் கல்லாக மாறிப்போன மரத்தண்டுகள். ஆனால் பல வருடமாக அறிவியல் பாடம் எடுக்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன், பூமியைப் பற்றியும் காலநிலையைப் பற்றியும் சொல்லிக்கொடுக்க நம் பக்கத்தில் இதைவிடப் பொருத்தமான இடத்தை நான் பார்த்ததில்லை. இதுவரை மூன்று முறை போயிருக்கிறேன், கடைசியாகப் போன தை மாதம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 38 பேரோடு.

விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டம். புதுச்சேரியிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர். வக்கிரகாளியம்மன் கோயில் என்று கேட்டால் யாரும் வழி சொல்லிவிடுவார்கள், பூங்கா அந்த ஊரில்தான். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பொறுப்பில் இருக்கிற தேசியப் புவியியல் நினைவுச்சின்னம் இது. மொத்தம் 247 ஏக்கர், ஒன்பது பகுதிகள், சுமார் 200 கல்மரங்கள், வயது ஏறத்தாழ 2 கோடி ஆண்டு. இந்தக் கணக்கையெல்லாம் வாசலிலேயே சொல்லி முடித்துவிடுங்கள், அப்புறம் உள்ளே போய் வாயை மூடிக்கொள்வதுதான் நல்லது.

நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: இந்த மரங்களில் என்னவெல்லாம் இல்லை? ஐந்து நிமிடம் சத்தமே இல்லை. பிறகு ஒருத்தி, "கிளையே இல்லையே மிஸ்" என்றாள். இன்னொருவன் வேர் இல்லை என்றான், இலை இல்லை, நின்றபடி ஒன்றுகூட இல்லை, எல்லாம் படுத்தே கிடக்கிறது என்று வரிசையாக வந்தது. சரி, கிளையும் வேரும் எங்கே போயிருக்கும் என்று அவர்களே பேசிப் பேசி, வெள்ளம் அடித்துக்கொண்டு வந்திருக்கும், வழியில் எல்லாம் முறிந்திருக்கும் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். புவியியலாளர்கள் சொல்வதும் இதேதான், இந்த மரங்கள் இங்கே வளர்ந்தவை அல்ல, ஆறு கொண்டுவந்து மணலில் புதைத்தவை. வகுப்பறையில் இதைச் சொல்லியிருந்தால் ஒரு வரியாக எழுதிக்கொண்டு போயிருப்பார்கள்.

தண்ணீர் பாட்டில் மூடியில் கொஞ்சம் தண்ணீர் எடுத்து ஒரு தண்டின் வெட்டுமுகத்தில் மெதுவாக விட்டுப் பார்த்தோம். காய்ந்திருந்தபோது வெறும் சாம்பல் நிறக் கல், நனைந்ததும் உள்ளே இருந்த கோடுகள் ஒவ்வொன்றாகக் கருத்து எழுந்துவந்தன, வளையம் வளையமாக. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்த பையன் நகரவே மாட்டேன் என்றுவிட்டான். மழை நன்றாகப் பெய்த வருடத்தில் மரம் வேகமாகப் பருக்கும், வறண்ட வருடத்தில் ஒடுங்கும், அது வளையத்தில் பதிந்துவிடும், கேரளத்துத் தேக்கு வளையங்களை வைத்து இப்படித்தான் பழைய பருவமழையைக் கணக்கிடுகிறார்கள் என்று அங்கேயே சொன்னேன். தண்டில் கீறுவதும் துண்டு பொறுக்குவதும் கூடவே கூடாது, இதை முன்னாலேயே கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்.

அடுத்து, மரம் எப்படிக் கல்லானது. மணலுக்கு அடியில் காற்று போகாததால் மரம் மக்கவில்லை, நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா, மணலில் இருக்கிற அதே பொருள், மரத்தின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இறங்கி உறைந்தது, மரம் போய்க் கல் மிஞ்சியது. இங்கேதான் நெய்வேலியை இழுத்துக்கொண்டு வர வேண்டும். இந்தக் கல்மரங்கள் கிடப்பது கடலூர் மணற்கல் என்னும் பாறைத் தொடரில், அதே தொடர் தெற்கே போனால் நெய்வேலி. அங்கே செடிகொடிகள் சதுப்பில் அமுங்கி, கார்பன் போகாமல் பழுப்பு நிலக்கரியானது. இங்கே மரத்தின் இடத்தைச் சிலிக்கா பிடித்தது, அங்கே கார்பன் அப்படியே தங்கியது. அந்தக் கார்பன்தான் இன்றைக்கு எரிந்து மின்சாரமாகி நம் வீட்டு மின்விசிறியைச் சுற்றுகிறது, புகையாக வானத்துக்கும் போகிறது. இதைக் கேட்டதும் பிள்ளைகள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

இந்தப் பாறைத் தொடரில் கிடைத்த கல்மரங்களில் குங்கிலிய மரக் குடும்பத்தைச் சேர்ந்தவையும் உண்டு. அந்த இனத்தில் பலவும் நல்ல மழைக்காட்டில் வளர்பவை, இன்றைக்கு மேற்குத் தொடர்ச்சி மலையில் பார்க்கலாம். வானூர்ச் செம்மண்ணில் இப்போது முந்திரிதான் நன்றாக வருகிறது. அப்படியென்றால் மழையே மாறியிருக்கிறது. உடனே ஒருவன் கேட்டான், "காலநிலை எப்பவுமே மாறிக்கிட்டுதானே இருந்திருக்கு, இப்ப மட்டும் ஏன் பயப்படணும்?" ரொம்ப நல்ல கேள்வி. பெரியவர்களே இதைச் சொல்லித்தான் தட்டிக்கழிக்கிறார்கள். மாறியது உண்மை, எத்தனை வேகத்தில் மாறியது என்பதுதான் கணக்கு என்றேன். அந்த மாற்றத்துக்கு லட்சக்கணக்கான ஆண்டுகள் பிடித்தன, காடு இடம்பெயர நேரம் இருந்தது. காற்றில் 10 லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கார்பன் டை ஆக்சைடு 420-ஐத் தாண்டியது வெறும் இருநூற்றைம்பது வருடத்துக்குள். அவன் விரலை மடக்கித் தலைமுறை எண்ண ஆரம்பித்தான், பத்துப் பன்னிரண்டில் முடிந்துபோனது.

போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். நாங்கள் பேசியிருந்த வேன் ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்ததால் பதினொன்றரைக்குத்தான் இறங்கினோம், செம்மண் சூடு தாங்காமல் இரண்டு பிள்ளைகளுக்குத் தலை சுற்றியது, பாதி நேரம் அவர்களை நிழலில் உட்காரவைப்பதிலேயே போனது. தொப்பி, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், நாலைந்து பேருக்கு ஒரு பூதக்கண்ணாடி, சுற்றளவு பார்க்க நூல்கண்டு, இவ்வளவு போதும். பௌர்ணமி அன்று போகாதீர்கள், கோயிலுக்குக் கூட்டம் அலைமோதும். மற்ற நாளில் கோயிலுக்கும் கூட்டிப்போகலாம். இந்தக் கற்கள் அசுரனின் எலும்பு என்று ஊரில் ஒரு கதை இருக்கிறது, கடைக்கார அம்மா ஒருவர் அதை அவ்வளவு அழகாகச் சொன்னார். பிள்ளைகளைக் கேட்கவிடுங்கள். கல்லைப் பார்த்து ஏன் என்று கேட்டவர்கள்தான் அந்தக் கதையையும் சொல்லியிருக்கிறார்கள்.

ஆறாம் வகுப்புக்குக் கீழே உள்ளவர்களுக்கு இது கொஞ்சம் சீக்கிரம். எட்டு, ஒன்பது என்றால் தாராளமாகப் போகலாம். அடுத்த தையில் புது வகுப்போடு நானும் போகிறேன், இந்த முறை திருவக்கரை முடித்த அடுத்த வாரமே நெய்வேலிக்கும்.