நிக்கல் அலர்ஜி இருப்பவருக்கு எந்தச் செயற்கை முழங்கால் மூட்டு: கோபால்ட் குரோமா, கோல்டன் நீயா, ஆக்ஸினியமா?

கவரிங் தோடு போட்டாலே அம்மாவுக்குக் காது புண்ணாகிவிடும். முழங்கால் மூட்டை மாற்றியே ஆக வேண்டும் என்றானதும் பேட்ச் டெஸ்ட் (அலர்ஜி தரக்கூடிய பொருள்களைத் தோலில் ஒட்டிப் பார்க்கும் சோதனை) எடுத்தோம். நிக்கல் அலர்ஜி உறுதியானது. விசாரித்து முடித்து நாங்கள் வைத்தது ஆக்ஸினியம், அதாவது மேற்பரப்பு செராமிக்காக மாற்றப்பட்ட சிர்கோனியம் கலவை மூட்டு. அதன் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

வழக்கமான கோபால்ட் குரோம் (கோபால்ட்-குரோமியம் கலவை உலோகம்) மூட்டு பெரும்பாலானோருக்குப் போதும். பல பத்தாண்டு அனுபவம் உண்டு, விலையும் குறைவு. அதில் நிக்கல் மிகக் கொஞ்சம்தான். தோலில் நிக்கல் அலர்ஜி இருந்தால் மூட்டும் கெட்டுவிடும் என்று பயப்படவும் வேண்டாம். டென்மார்க்கின் மூட்டுப் பதிவேட்டையும் பேட்ச் டெஸ்ட் பதிவேட்டையும் இணைத்துப் பார்த்த 2015 ஆய்வில் அப்படியொரு தொடர்பு தெரியவில்லை. ஆனால் பலமுறை மறு அறுவை செய்துகொண்டவர்களிடம் கோபால்ட், குரோமியம் அலர்ஜி அதிகமாக இருந்தது. அது காரணமா விளைவா என்பது அந்த ஆய்வில் தீரவில்லை.

கோல்டன் நீ (golden knee) என்பது பொன்னிற முழங்கால் மூட்டு. அந்தப் பொன்னிறம் டைட்டானியம் நைட்ரைடு அல்லது டைட்டானியம் நயோபியம் நைட்ரைடு பூச்சால் வருவது. வெற்றிட அறையில் சில மைக்ரான் தடிமனுக்குப் படியவைக்கிறார்கள். பூச்சை உடம்பு நன்றாகவே ஏற்றுக்கொள்கிறது, அடியிலுள்ள உலோகம் கசிவதையும் அது குறைக்கிறது.

நான் பிடித்துக்கொண்ட கேள்வி ஒன்றுதான்: பூச்சு கெட்டால் உள்ளேயிருந்து என்ன வெளியே வரும்? கோல்டன் நீக்கு அடியில் பெரும்பாலும் அதே கோபால்ட் குரோம். முலாம் தேய்ந்த கவரிங் வளையல் மாதிரி, எதைத் தவிர்க்கக் கூடுதல் பணம் கொடுத்தோமோ அதுவே வெளியே வந்துவிடும். இடுப்பு மூட்டில் வைத்த டைட்டானியம் நைட்ரைடு பந்துகள் சிலவற்றைக் கழற்றிப் பார்த்தபோது பூச்சு உரிந்திருந்தது பதிவாகியிருக்கிறது. உரிந்த துகள் கடினமானது. மூட்டின் இரு உலோகப் பகுதிகளுக்கும் நடுவிலுள்ள பாலிஎதிலீன் (பிளாஸ்டிக்) தட்டை அரைத்துவிடும்.

ஆக்ஸினியத்தில் மேலே எதையும் பூசுவதில்லை. சிர்கோனியம்-நயோபியம் கலவையைக் காற்றில் சூடாக்க, ஆக்ஸிஜன் உள்ளே இறங்கி மேற்பரப்பே சுமார் 5 மைக்ரானுக்குச் செராமிக்காக மாறுகிறது. ஒட்டவைத்த படலம் இல்லாததால் உரிவது கடினம். கீறல் விழுந்து அடியுலோகம் தெரிந்தாலும் அதில் நிக்கல் இல்லை என்றே சொல்லலாம். குறையும் உண்டு: அந்த அடியுலோகம் மென்மையானது, ஆக்ஸினியம் இடுப்பு மூட்டு நழுவியவர்களிடம் ஆழமாகச் சேதமாகியிருக்கிறது. முழங்காலில் அந்த ஆபத்து குறைவு.

விலை? 2017 ஆகஸ்டில் மத்திய அரசு வைத்த உச்சவரம்பு கோபால்ட் குரோமுக்கு 54,720 ரூபாய், ஆக்ஸினியம் சேரும் வகைக்கு 76,600, ஜிஎஸ்டி தனி. இப்போதைய வரம்பை விசாரித்துக்கொள்ளுங்கள்.

அம்மா இப்போது நன்றாக நடக்கிறார். ஆனால் இருபது வருடம் தாங்குமா என்பதற்கு எங்கள் அனுபவம் சாட்சியாகாது.

இன்னொன்று, முழங்கால் மூட்டில் ஆக்ஸினியம் என்பது தொடை எலும்புப் பகுதி மட்டுமே. கீழ்க்கால் எலும்பின் மேல் பொருத்தும் கீழ்த்தட்டு எந்த உலோகம் என்று தனியாகக் கேளுங்கள். எங்களுக்கு டைட்டானியம் கலவை கிடைத்தது. மூட்டை எலும்போடு ஒட்டவைக்கும் எலும்பு சிமெண்டிலுள்ள பென்சாயில் பெராக்சைடும் ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக்கும்கூடச் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. பேட்ச் டெஸ்டிலேயே அவற்றையும் சேர்க்கச் சொல்லிவிடுங்கள்.