சுவர் விரிசலுக்கு எது: சிமெண்டா, கிராக் ஃபில்லரா, பி.யூ. சீலண்டா?

குளச்சல் பக்கம் கடற்காற்று நேரே அடிக்கும் எங்கள் மேற்குக் கான்கிரீட் சுவருக்கு நான் வாங்கியது பாலியூரித்தேன் சீலண்ட். பி.யூ. சீலண்ட் என்று கேட்டால் பெயிண்ட் கடையில் எடுத்துத் தருவார்கள். சிமெண்டும் அக்ரிலிக் கிராக் ஃபில்லரும் இதைவிட மலிவு, பூசுவதும் சுலபம். ஆனாலும் என் ஓட்டு இதற்குத்தான்.

காரணம், சுவர் அசைகிறது. பத்து மீட்டர் நீளக் கான்கிரீட்டில் வெப்பம் 20 டிகிரி ஏறி இறங்கினால் நீளத்தில் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் கூடிக் குறையும். அந்த அசைவில் பெரும்பகுதியை விரிசல்தான் வாங்கிக்கொள்கிறது. கல்லாக இறுகிய சிமெண்ட் இதற்கு வளைந்துகொடுக்குமா? ஓரத்தில் முடியளவு விட்டுவிடும். அது போதும், மழைக்கு. ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு என்று நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழை. தண்ணீரோடு உப்பும் உள்ளே போய்க் கம்பியைத் தொட்டால் துரு பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும்; கான்கிரீட்டையே பிளந்து தள்ளும். ஏற்கெனவே பழுப்புக் கறை வழிந்திருந்தால் இந்த மூன்றில் எதுவும் பயன்படாது. உடைத்துக் கம்பியைச் சுத்தம் செய்யத்தான் வேண்டும்.

பி.யூ. ரப்பர்போல இழுபட்டுச் சுருங்கும். விரிசலை வெட்டி அகலமாக்கி, தூசியை பிரஷால் தட்டி, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகே அடிக்க வேண்டும். பள்ளம் ஆழமென்றால் முதலில் நுரைக்கயிற்றைத் திணிப்பது நல்லது. சீலண்ட் இரு பக்கமும் மட்டும் பிடித்து, அடியில் ஒட்டாமல் இருந்தால்தான் தாராளமாக இழுபடும். உச்சி வெயிலில் விரிசல் சுருங்கியிருக்கும், அப்போது அடைக்காதீர்கள். காற்றின் ஈரத்தில்தான் இது இறுகுகிறது, அதற்கு நம்மூரில் பஞ்சமில்லை.

குறையும் உண்டு. உப்புத்தாள் போட்டுத் தேய்க்க முடியாது. பெயிண்ட் அடித்தாலும் சாய்ந்த வெயிலில் தழும்பு தெரியும். எங்கள் சுவரில் இதற்கு இன்னும் வயதாகவில்லை, பத்தாண்டு தாங்குமா என்று என்னால் உறுதிகூற முடியாது.

வரவேற்பறையின் உள்சுவரில் மெல்லிய கீறல் என்றால் அக்ரிலிக் ஃபில்லரே மேல். கீறலின் இரு முனையிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதி வையுங்கள். ஒரு கோடையும் ஒரு மழையும் கழிந்தும் கோட்டைத் தாண்டவில்லை, அகலமும் கூடவில்லை என்றால் பூசித் தேய்த்து பெயிண்ட் அடித்துவிடலாம். சிமெண்டை அசைவில்லாத பெரிய உடைசலுக்கு வைத்துக்கொள்ளலாம்.

தூணிலோ உத்தரத்திலோ விரிசல் என்றால் எப்பாக்ஸி என்ற பிசினை உள்ளே ஏற்றுவார்கள். அதை நான் செய்து பார்த்ததில்லை, பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

சீலண்ட் குழாயைத் திறந்துவிட்டால் மிச்சம் உள்ளேயே இறுகிவிடும். எல்லா விரிசலையும் முதலில் வெட்டித் தயாராக வைத்துக்கொண்டு திறங்கள்.