கடலிலிருந்து 300 மீட்டரில் ஒன்பது வருடம்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கானத்தூர் பக்கம், 2015-இல் வீடு கட்டிக் குடிவந்தோம். கடல் 300 மீட்டர். கடலோரத்தில் கட்ட வேண்டிய சிஆர்இசட் (கடலோர ஒழுங்குமுறை மண்டல) அனுமதிக்கு அலைந்த கதை தனி. நாங்கள் நான்கு பேர், கூட அம்மா. கட்டும்போது மூளையைக் கசக்கியதெல்லாம் ஹாலில் கடலைப் பார்த்த 12 அடிக் கண்ணாடிக்கு. குடிவந்த பிறகு எங்களைப் படுத்தி எடுத்ததோ அரை இஞ்ச் ஸ்க்ரூ.

ஜன்னலெல்லாம் யூபிவிசி என்கிற கெட்டி பிளாஸ்டிக். சட்டத்துக்கு இன்றுவரை ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கீலைப் பிடித்திருந்தது சாதாரண இரும்பு ஸ்க்ரூ. மூன்றாம் வருடம் ஒரு கதவு தொங்கியது. திருப்புளியை வைத்ததும் தலை மட்டும் கழன்று கையில் விழுந்தது, மிச்சம் சிவப்புத் தூள். மாடிக் கைப்பிடிக்கு 304 கிரேடு எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போட்டிருந்தோம். ஆறே மாதத்தில் டீ தெறித்தாற்போல் பழுப்புப் புள்ளிகள். இப்போது எல்லாம் 316. அதில் மாலிப்டினம் கலந்திருப்பதால் உப்பைக் கூடுதலாகத் தாங்கும். கடையில் காந்தம் வைத்துக் காட்டினால் நம்பாதீர்கள், இந்த இரண்டையும் காந்தம் பிரித்துக் காட்டாது. பில்லில் கிரேடு எழுதி வாங்குங்கள்.

உருப்படியாகச் செய்தது கான்கிரீட். கடலோரக் கட்டடத்துக்கு ஐஎஸ் 456 என்கிற இந்தியக் கான்கிரீட் தரவிதி குறைந்தது எம்30 வலுவுள்ள கலவையும், கம்பியை மூடி 45 மி.மீ. கான்கிரீட் கவரும் கேட்கிறது. மேஸ்திரி, "எதுக்கு சார், ஊரே இதைவிடக் கம்மியாத்தான் போடுது" என்றார். இன்ஜினியர் அசையவில்லை. போர் தண்ணீர் கரித்ததால் கலவைக்கும், அதை நனைத்துவைக்கும் கியூரிங்குக்கும் லாரித் தண்ணீர். அந்தச் செலவு வயிற்றெரிச்சல்தான். பக்கத்து வீட்டு சன்ஷேடில் இன்று கம்பி பல்லிளிக்கிறது. உப்பு இறங்கித் துருவேறிய கம்பி ஊதி, கான்கிரீட்டைப் பிளந்து தள்ளியிருக்கிறது.

அந்தக் கண்ணாடியா? காலை ஏழிலிருந்து பத்துவரை வெயில் நேராக உள்ளே. திரை போட்டே கிடக்கிறது. இரண்டு நாள் துடைக்காவிட்டால் உப்புப் படிந்து கடலே மங்கிப்போகும். திரும்பக் கட்டினால் பாதிச் சுவர் எழுப்பி, மேலே நாலடித் தாழ்வாரம் இறக்குவேன்.

2016 டிசம்பர் 12, வர்தா புயல். கண்ணாடிக்குப் பலகை அடித்துவிட்டுக் காத்திருந்தோம். புயல் எங்களுக்கு வடக்கே கரையேறியதால் காற்று நிலத்துப் பக்கமிருந்து அடித்தது. மேற்கே சமையலறை ஜன்னல் பிய்த்துக்கொண்டு, தண்ணீர் கணுக்கால்வரை. அரிசி டின்னை மேடைமேல் தூக்கிவைத்த அம்மா, "கடலையே பாத்துக் கட்டினியேடா, முதுகுப் பக்கத்த யாரு பாக்குறது?" என்றாள்.

ஏசி வெளி யூனிட்டைக் கடல் பக்கம் மாட்டியதும் தப்பு. நாலு வருடத்தில் அலுமினியத் தகடெல்லாம் பொடிந்தது. அடுத்ததை மேற்குச் சுவரில் மாட்டி மாதம் ஒருமுறை நல்ல தண்ணீர் அடிக்கிறோம், ஓடுகிறது. கோடையில் மதியம் கடற்காற்று கிளம்பிவிட்டால் அதையும் அணைத்துவிடுவோம். கிழக்கு ஜன்னலையும் மேற்கு ஜன்னலையும் திறந்துவிட்டு, அம்மா நடு ஹாலில் பாய் விரித்துப் படுத்துவிடுவாள்.